சமையற்காரரின் பொறுப்பு: சீனச் சிந்தனையில் உணவும் குணமும்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

உண்ணும் உணவு ஒருவருடைய குணத்தை உருவாக்குகிறதா என்னும் கேள்வியைச் சீனச் சிந்தனையாளர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக விவாதித்து வந்திருக்கிறார்கள். இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதலில் நினைவுக்கு வருவது ஹுவாய்நான்சி என்னும் நூலில் உள்ள ஒரு பட்டியல். ஹுவாய்நான் அரசர் லியூ ஆன் தம் அவையறிஞர்களைக் கொண்டு உருவாக்கி, கி.மு. 139இல் ஹான் பேரரசர் வூவிடம் அளித்த நூல் அது. புல்லைத் தின்பவை நன்றாக ஓடும், ஆனால் மந்தமானவை. இறைச்சி தின்பவை துணிவும் மூர்க்கமும் உடையவை. தானியம் உண்பவர்கள் அறிவுள்ளவர்கள், ஆனால் சீக்கிரம் இறந்துபோவார்கள். மூச்சையே உணவாகக் கொள்பவர்கள் தெளிந்த உள்ளமும் நீண்ட ஆயுளும் பெறுவார்கள் என்று அது சொல்லிக்கொண்டு போகிறது. மானையும் புலியையும் உழவரையும் தவசியையும் ஒரே வரிசையில் நிறுத்துவதால் அந்த வரிகள் மனத்தில் எளிதில் பதிந்துவிடுகின்றன. ஆனால், சீன மரபு இந்தப் பொருளில் எட்டிய உயரம் இதுவன்று என்பது என் துணிபு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாவோயிச அறிஞர் கோ ஹோங், தானியத்தைத் துறக்கும் நோன்பைப் பற்றி எழுதும்போது இதே கருத்தை எடுத்துக்காட்டி, இது மூச்சுப் பயிற்சியாளர்களின் ஒருதலைப்பட்சமான பேச்சு, இதை மட்டும் நம்பி நடக்கக் கூடாது என்று எச்சரித்திருக்கிறார்.

ஹுவாய்நான்சிக்கு நெடுங்காலம் முந்தைய ஒரு நிகழ்ச்சியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஸுவோ ஜுவான் என்னும் வரலாற்று நூல் கி.மு. 533ஆம் ஆண்டுக் குறிப்புகளில் அதைப் பதிவு செய்திருக்கிறது. ஜின் நாட்டின் அமைச்சர் ஒருவர் இறந்து, அவருடைய உடல் இன்னும் அடக்கம் செய்யப்படாமல் கிடந்த வேளையில், அந்நாட்டுக் கோமகன் மதுவருந்தி இசை கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது தூ குவாய் என்ற சமையற்காரர் விரைந்து உள்ளே வந்து, மது வார்க்கத் தமக்கு அனுமதி வேண்டும் என்று கேட்டார். அனுமதி கிடைத்ததும் முதல் கிண்ணத்தை இசைக்கலைஞருக்குக் கொடுத்து, ‘நீங்கள் அரசரின் காது, துக்க நாள் என்பதை அவருக்குக் கேட்கச் செய்யாமல் இசைத்துக்கொண்டிருக்கிறீர்கள்’ என்றார். அடுத்த கிண்ணத்தை அரசருக்கு நெருக்கமான பணியாளருக்குக் கொடுத்து, ‘நீங்கள் அரசரின் கண், அவருடைய தோற்றம் இந்த நாளுக்குப் பொருந்தவில்லை என்பதை நீங்கள் பார்க்கவில்லை’ என்றார். மூன்றாவது கிண்ணத்தைத் தாமே குடித்தார். சுவை உயிர்மூச்சை இயக்குகிறது, உயிர்மூச்சு மனவுறுதியை நிரப்புகிறது, மனவுறுதி சொல்லை நிலைப்படுத்துகிறது, சொல்லே ஆணையாக வெளிவருகிறது என்று கூறிய அவர், சுவைக்குப் பொறுப்பாளன் நான், காதும் கண்ணும் கடமை தவறியும் அரசரிடமிருந்து ஆணை எதுவும் பிறக்கவில்லை, ஆகவே குற்றம் என்னுடையது என்று முடித்தார். கோமகன் விருந்தை நிறுத்தினார்.

அந்த மூன்றாவது கிண்ணத்தில்தான் நம் கேள்விக்கான விடையின் முதற்பகுதி இருக்கிறது. சீனர்கள் ‘ச்சி’ என்று குறிப்பிடும் உயிர்மூச்சு உடலுக்கும் மனத்துக்கும் பொதுவானது. ஆகையால் உணவு வயிற்றோடு நின்றுவிடாமல் மனவுறுதி, சொல், அரசாணை என்று படிப்படியாக ஏறிச்செல்கிறது. ஓர் அரசர் நெறி தவறி நடந்தால், அவருக்குச் சமைத்துப் போட்டவரும் விளக்கம் சொல்ல வேண்டும். உணவுக்கும் குணத்துக்கும் உள்ள உறவை இவ்வளவு பொறுப்போடு எடுத்துக்கொண்ட வேறொரு காட்சியை நான் படித்ததில்லை. பதினோர் ஆண்டுகள் கழித்து, கி.மு. 522ஆம் ஆண்டுக் குறிப்பில், ச்சீ நாட்டு அமைச்சர் யான் யிங், தண்ணீர், நெருப்பு, புளிக்காடி, உப்பு, இலந்தை போன்ற ஒரு புளிப்புக் கனி ஆகியவற்றைக் கொண்டு மீனையும் இறைச்சியையும் சமைக்கும் சாற்றைப் பற்றித் தம் அரசரிடம் பேசுகிறார். குறைவானதைக் கூட்டியும் மிகையானதைக் குறைத்தும் சமையற்காரர் சமன்செய்த அந்தச் சாற்றைச் சான்றோர் உண்டு தம் உள்ளத்தை அமைதிப்படுத்திக்கொள்கிறார் என்பது அவருடைய கூற்று.

அப்படியானால் எவ்வளவு உண்பது? குவான்சி என்னும் தொகுப்பில் உள்ள நெய்யே என்ற சிறிய பகுதி, பெரும்பாலும் கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கருதப்படுவது, இதற்கு நேரடியாக விடை தருகிறது. மிதமிஞ்சி நிரப்பினால் உடல் கெடும். மிதமிஞ்சி ஒடுக்கினால் எலும்பு வற்றி இரத்தம் உறையும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில்தான் உயிரின் சாரம் தங்கும், அறிவு பிறக்கும் என்கிறது. தவறிப்போய் அதிகம் உண்டுவிட்டால் சுறுசுறுப்பாக நடமாட வேண்டும் என்றும், பசித்திருக்க நேர்ந்தால் எண்ணத்தை விரிவாக்க வேண்டும் என்றும் வழியும் சொல்கிறது. கன்பூசியஸின் உரையாடல்களில் பத்தாம் அத்தியாயம், மேசையில் இறைச்சி எவ்வளவு இருந்தாலும் சோற்றின் அளவை அது மீற அவர் விடமாட்டார் என்று குறிப்பிடுவதும் இதே அளவுணர்வைத்தான். மருத்துவ நூலான ஹுவாங்தி நெய்ஜிங், புளிப்பைக் கல்லீரலுக்கும் கசப்பை இதயத்துக்கும், கல்லீரலைச் சினத்துக்கும் இதயத்தை மகிழ்ச்சிக்கும் உரியவையாக வகுத்தது. பிற்கால உணவு மருத்துவத்துக்கு இதுவே அடித்தளம்.

பௌத்தம் வந்தபோது, எதை உண்ணலாம் என்ற கேள்வி கூர்மையடைந்தது. பூண்டு, வெங்காயம் முதலிய ஐந்து காரநெடிப் பொருள்களைச் சமைத்து உண்டால் காமமும், பச்சையாக உண்டால் சினமும் வளரும் என்று சூரங்கம சூத்திரம் சொல்கிறது. ஐந்தில் ஒன்று பெருங்காயம் என்றே பொதுவாக அடையாளம் காணப்படுகிறது. 6ஆம் நூற்றாண்டில் லியாங் அரசமரபின் பேரரசர் வூ துறவிகளுக்கு மதுவையும் இறைச்சியையும் விலக்கினார். சீனத் துறவு மடங்களின் மரக்கறி உணவு நிலைபெற்றதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

எளிய உணவே உயர்ந்த குணத்தைத் தரும் என்னும் எண்ணம் இவற்றையெல்லாம் விட ஆழமாக வேரூன்றியது. கி.மு. 684இல் போருக்குப் புறப்பட்ட லூ நாட்டு அரசரைச் சந்திக்கச் சென்ற ச்சாவ் குவேய், இறைச்சி உண்ணும் மேன்மக்களுக்குத் தொலைநோக்கு கிடையாது என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். மிங் காலத்தின் இறுதியில் ஹோங் யிங்மிங் எழுதிய சாய்கென்தான், கீரை உண்டு வாழ்பவர்களில் தூய்மையானவர்கள் பலர், அரசவை விருந்தை நாடுபவர்கள் மண்டியிடவும் தயங்கமாட்டார்கள், மனவுறுதி எளிமையால் தெளிகிறது, நேர்மை கொழுப்பாலும் இனிப்பாலும் அழிகிறது என்கிறது. இக்கூற்றில் ஒரு வலிமை இருக்கிறது, ஓர் ஆபத்தும் இருக்கிறது. தாமாக எளிமையைத் தேர்ந்துகொண்டவருக்கு அது பொருந்தும். வேறு வழியில்லாமல் கீரையை உண்பவரிடம் அதைச் சொன்னால், அவருடைய வறுமையை அவருக்கே அணிகலனாகப் பூட்டுவதாகிவிடும். தாவோயிசச் சிந்தனையாளர் சுவாங் சூவின் நூலில் கன்பூசியஸின் மாணவர் யான் ஹூய், என் குடும்பம் ஏழ்மையானது, பல மாதங்களாக மதுவோ இறைச்சியோ தொடவில்லை, இது நோன்பாகுமா என்று கேட்கிறார். அது வேள்விக்கான நோன்பு, உள்ளத்தின் நோன்பு வேறு என்று கன்பூசியஸ் பதிலளிக்கிறார். வெற்றுத் தட்டு தானாகவே நல்ல குணத்தைத் தந்துவிடாது என்பதை இவ்வளவு மென்மையாகச் சொல்ல முடிந்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் கன்பூசியஸின் வழிவந்த சிந்தனையாளர் மென்சியஸை நான் எல்லோருக்கும் மேலாக மதிக்கிறேன். பசித்தவருக்கு எந்த உணவும் இனிக்கிறது, ஏனென்றால் பசி அவருடைய சுவையுணர்வைக் கெடுத்துவிட்டது என்று சொல்லும் அவர், பசியும் தாகமும் வாயையும் வயிற்றையும் மட்டுமா கெடுக்கின்றன, மனித உள்ளத்துக்கும் அதே கேடு நேர்கிறது என்கிறார். நல்ல விளைச்சல் உள்ள ஆண்டுகளில் இளைஞர்கள் பெரும்பாலும் நல்லவர்களாக இருக்கிறார்கள், பஞ்ச காலத்தில் பெரும்பாலும் முரடர்களாகிறார்கள், வானம் அவர்களுக்கு வேறு வேறு இயல்பைக் கொடுத்துவிடவில்லை என்று மற்றோர் இடத்தில் கூறி, ஒரே வகை வாற்கோதுமையை ஒரே பருவத்தில் விதைத்தாலும் மண்ணின் வளத்தாலும் மழையாலும் உழைப்பாலும் விளைச்சல் மாறுபடுவதைக் காட்டுகிறார். குணக்கேடு என்று நாம் பெயரிடுவதில் எவ்வளவோ பங்கு பசியினுடையது என்பதை அவர் தயக்கமின்றி அரசர்களின் முகத்துக்கு நேரே சொன்னார்.

லியாங் நாட்டு அரசர் ஹூயிடம் அவர் பேசியது நமக்குக் கிடைத்திருக்கிறது. உங்கள் நாயும் பன்றியும் மனிதருக்குரிய உணவைத் தின்கின்றன, சாலையில் மக்கள் பட்டினியால் சாகிறார்கள், நீங்களோ ‘இது என் குற்றமன்று, ஆண்டின் குற்றம்’ என்கிறீர்கள், ஒருவரைக் குத்திக் கொன்றுவிட்டு ‘நானில்லை, ஆயுதம்தான்’ என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டார். அரசர் செய்ய வேண்டியதையும் கணக்கிட்டே சொன்னார்: குடும்பத்துக்கு, மூ என்னும் சீன நில அளவில், ஐந்து மூ மனையும், அதில் முசுக்கொட்டை மரங்களும்; ஐம்பது வயதினர் பட்டு உடுத்தலாம். கோழியும் பன்றியும் உரிய காலத்தில் பெருகட்டும். எழுபது வயதினர் இறைச்சி உண்ணலாம். நூறு மூ வயலில் உழவு வேலையின் பருவத்தைப் பறிக்காமல் இருந்தால், அந்தக் குடும்பம் பசியறியாது. அதன் பிறகே பள்ளிகளைக் கவனமாக நடத்தி, பெற்றோரையும் மூத்தோரையும் மதிக்கும் பண்பைக் கற்பிக்கும்படி அவர் அரசரைக் கேட்டுக்கொண்டார்.

நன்றி. வணக்கம்.