சோறும் கூறையும், இறவாத அன்பும்

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

உண்மையான இறையன்பு வறுமையையும் பொருளாசையையும் தாண்டி நிற்குமா என்பது இன்று எனக்குத் தரப்பட்ட கேள்வி. நிற்கும் என்பதே என் பதில். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அது எப்படி நிற்கிறது, யாருடைய தோளில் நிற்கிறது என்று விசாரிக்காமல் இந்தப் பதிலை மட்டும் மேடையில் முழங்கிவிட்டுப் போவது, பசித்திருப்பவர்களுக்குச் செய்யும் அநியாயம். அந்த விசாரணையைச் செய்யத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

வறுமையைப் புனிதமாக்கிப் பேசும் ஒரு வழக்கம் நம்மிடையே இருக்கிறது. ஏழையாக இருந்தால்தான் பக்தி வரும், பசித்தால்தான் கடவுள் தெரிவார் என்று வயிறு நிறைந்தவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். வள்ளுவர் இப்படிப் பேசியதில்லை. 'நெருப்பினுள் துஞ்சலும் ஆகும் நிரப்பினுள் யாதொன்றும் கண்பாடு அரிது' என்கிறார். நெருப்புக்குள் படுத்துக்கூடத் தூங்கிவிடலாம், வறுமைக்குள் கண்மூட முடியாது. இதற்கு மேல் ஒருவர் என்ன சொல்ல வேண்டும்? வறுமை கொடியது. இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் அன்பைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு வருகிறது.

12ஆம் நூற்றாண்டில் பெரிய புராணம் பாடிய சேக்கிழார் இதை நன்றாக அறிந்தவர். சோழனிடம் அமைச்சராக இருந்தவர் என்று மரபு சொல்கிறது. நிலம், விளைச்சல், கடன் எல்லாம் தெரிந்த கை எழுதிய நூல் அது. அவர் காட்டும் இளையான்குடி மாறனாரின் வீட்டுக்குள் உங்களைக் கொஞ்ச நேரம் அழைத்துப் போகிறேன்.

மாறனார் வளமான வேளாண் குடும்பத்தவர். வாசலுக்கு வந்த அடியாரை எல்லாம் அழைத்து உபசரித்துச் சோறிட்டவர். செல்வம் இருக்கும்போது மட்டும் செய்கிறவர் இல்லை, இல்லாதபோதும் செய்ய வல்லவர் என்று உலகுக்குக் காட்டவே தில்லைப் பெருமான் அவருடைய செல்வத்தை மெல்ல மெல்லக் குறைத்தார் என்கிறார் சேக்கிழார். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் செல்வம் மறைகிறது. நிலத்தை விற்கிறார். கடன் வாங்குகிறார். அப்போதும் அடியார்களுக்கு உணவு கொடுப்பதை நிறுத்தவில்லை. ஒரு மழைக்கால இரவு. பசி தலைக்கேறிய நிலையில் வீட்டுக் கதவை அடைத்துவிட்டு இருக்கிறார்கள். அந்த நேரத்தில் நனைந்தபடி ஓர் அடியார் வாசலில் வந்து நிற்கிறார்.

அவரை உள்ளே அழைத்து, ஈரம் துடைத்து, ஆசனம் கொடுத்துவிட்டு மாறனார் மனைவியைப் பார்க்கிறார். அந்த அம்மையார் பேசும் வரிகளைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. 'ஏதிலாரும் இனித் தருவார் இல்லை, போதும் வைகிற்று, போமிடம் வேறிலை' என்கிறார். இனிக் கடன் கொடுப்பார் யாரும் இல்லை, நேரமும் போய்விட்டது, போய்க் கேட்க வேறிடமும் இல்லை. கடன் கேட்டுக் கேட்டு எல்லா வாசலும் மூடிய பிறகு ஒரு பெண் பேசும் பேச்சு இது. எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் இதே சொற்களில்தான் இது பேசப்படும்.

வழியையும் அவர்தான் கண்டுபிடிக்கிறார். பகலில் வயலில் விதைத்த நெல் இருக்கிறதே, அந்த முளையை வாரிக்கொண்டு வந்தால் முடிந்தவரை சமைத்துவிடலாம், எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை என்கிறார். வேளாண்மை தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். விதைநெல்லை எடுத்து உண்பது என்றால் வரப்போகும் அறுவடையையே உண்பது. அந்த வீட்டில் மிச்சமிருந்த கடைசி நம்பிக்கை அதுதான். அதைத்தான் அந்தப் பெண் எடுத்து நீட்டுகிறார். மாறனார் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கொட்டும் மழையில் இறங்குகிறார். கண்ணுக்கு எதுவும் தெரியாத இருட்டு. காலால் தடவித் தடவி வயலை அடைகிறார். நீரில் மிதந்த நெல்முளையைக் கையால் கூட்டி வாரிக் கூடையில் நிறைத்துக்கொண்டு திரும்புகிறார். வாசலில் காத்திருந்த மனைவி அதை வாங்கிச் சேறு போகக் கழுவுகிறார். அடுப்பெரிக்க விறகு இல்லை என்கிறார். மாறனார் கூரையின் மரத்தை வெட்டிப் போடுகிறார். நெல்லை வறுத்து, குத்தி, அரிசியாக்கி உலையில் இடுகிறார் அந்த அம்மையார். கறிக்கு என்ன செய்வது? கொல்லையில் இன்னும் வளராத கீரையைப் பறித்து வந்து கொடுக்கிறார் மாறனார். அந்த ஒரே கீரையை வெவ்வேறு கறியாகச் சமைத்து வைக்கிறார் அவர்.

இங்கே வறுமையை வென்றது எது? மாறனாரின் பக்தி என்று சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அந்த வீட்டில் இரண்டு பேர் தெரிகிறார்கள். ஒருவர் கேட்க, இன்னொருவர் வழி சொல்ல, ஒருவர் வெட்ட, இன்னொருவர் சமைக்க என்று அந்த இரவு முழுக்க ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அன்பு மாறிக்கொண்டே இருந்தது. அவர்களில் ஒருவர் முகம் சுளித்திருந்தாலும் அந்த அடியார் பட்டினியோடு திரும்பியிருப்பார். இறைவனும் தனி மனிதராக மாறனாரை அழைக்கவில்லை. 'நீ அணங்கினோடும்', அதாவது உன் மனைவியோடும், என் உலகுக்கு வா என்கிறார். 'இளையான்றன் குடிமாறன் அடியார்க்கும் அடியேன்' என்று சுந்தரர் வணங்கிய பட்டியலில் மாறனாரின் பெயர் இருக்கிறது. விதைநெல்லை நினைவூட்டிய அம்மையாரின் பெயரை யாரும் நமக்குச் சொல்லவில்லை. அறுபத்துமூவரில் பெண்கள் மூன்று பேர். என் மனக்கணக்கில் நான்காவதாக இந்த அம்மையாரையும் சேர்த்துக்கொண்டு வெகு காலமாகிறது.

அடுத்தது திருக்கடவூர். இங்கே எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. குங்கிலியக்கலயர் கோயிலில் குங்கிலியத் தூபம் இடும் தொண்டு செய்தவர். வறுமை வந்தது. நிலம் போனது. பிள்ளைகளும் சுற்றமும் இரண்டு பகல் உணவில்லாமல் சோர்ந்து கிடக்கிறார்கள். மனைவி தன் தாலியைக் கழற்றிக் கொடுத்து, இதற்கு நெல் வாங்கி வாருங்கள் என்று அனுப்புகிறார். வழியில் ஒரு வணிகன் குங்கிலியப் பொதியோடு எதிரே வருகிறான். கலயர் தாலியைக் கொடுத்துக் குங்கிலியத்தை வாங்கிக் கோயில் பண்டாரத்தில் சேர்த்துவிட்டு அங்கேயே தங்கிவிடுகிறார். பிள்ளைகள் பசியோடு தூங்குகிறார்கள்.

இந்த இடத்தில் அவையில் கைதட்டல் எழுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். என்னால் உடன் தட்ட முடிவதில்லை. கலயரின் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பசியைத் தாங்க அவர் சம்மதித்தார். அந்தப் பிள்ளைகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இந்தச் சங்கடம் எனக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேனானால் வாய் திறந்திருக்க மாட்டேன். புராணத்தை மேலே படியுங்கள். இறைவன் முதலில் எங்கே போகிறார்? கோயிலில் தொண்டு செய்துகொண்டிருந்த கலயரிடம் போகவில்லை. பட்டினியாகப் படுத்திருந்த அந்த மனைவியின் கனவுக்குப் போகிறார். வீடு முழுக்க நெல்லும் பொன்னும் நிறைந்திருப்பதை முதலில் அறிந்தவர் அவர்தான். அதன் பிறகுதான் கலயரிடம் சொல்கிறார்: 'சால நீ பசித்தாய்.' வீட்டுக்குப் போய்ப் பால்சோறு உண்டு துன்பம் தீர் என்று அனுப்பி வைக்கிறார். உன் பசி எவ்வளவு உயர்ந்தது என்று இறைவன் மெச்சவில்லை. மிகவும் பசித்துவிட்டாயே, போய்ச் சாப்பிடு என்கிறார். பட்டினியைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வறுமை இல்லாத வீட்டில் அன்பு பத்திரமாக இருக்குமா? காரைக்கால் அதற்குப் பதில் சொல்கிறது. காரைக்கால் அம்மையார் என்று நாம் வணங்கும் புனிதவதியார் வணிகர் குடும்பம். கணவன் பரமதத்தன். நெல்லும் பொருளும் குறையாத வீடு. அங்கே குழப்பம் வந்தது இரண்டு மாங்கனியால். ஒன்றைப் பசியோடு வந்த அடியாருக்கு இட்டுவிட்டார். மற்றொன்றைக் கணவனுக்குப் பரிமாற, அவன் இன்னொன்றையும் கேட்டான். இறைவனை வேண்டியதும் கைக்கு வந்த கனியின் சுவை வேறாக இருந்தது. உண்மையைச் சொன்னார். அப்படியானால் இன்னொரு கனி வரவழைத்துக் காட்டு என்றான். அதுவும் வந்தது, அவன் கையில் வாங்கியதும் மறைந்தது. அவன் அஞ்சிக் கப்பலேறினான். பாண்டி நாட்டில் வேறு மணம் செய்துகொண்டு, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். பரமதத்தனைக் கெட்டவனாக்கச் சேக்கிழார் முயலவில்லை. நானும் செய்ய மாட்டேன். அவனால் அந்த அன்பில் பங்குகொள்ள முடியவில்லை, அவ்வளவுதான். ஓட்டைக் கூரையின் கீழ் இரண்டு பேர் சேர்ந்து தாங்கியதை, நிறைந்த வீட்டில் ஒரே ஒருவர் தாங்க வேண்டியிருந்தது. இவனுக்காகத் தாங்கிய இந்த உடலழகு இனி வேண்டாம் என்று உதறிவிட்டுப் பேய் வடிவம் பெற்ற அந்த அம்மையார், இறைவனிடம் முதலில் கேட்டது 'இறவாத இன்ப அன்பு'. பிறவாமையை அதற்குப் பின்னால்தான் கேட்டார். ஆனி மாதப் பௌர்ணமியில் காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் இறைக்கப்படும் கனியைத் தாவிப் பிடிக்கும் நம்மில் எத்தனை பேருக்கு அந்த வரிசை நினைவிருக்கிறது?

ஆசையின் பக்கம் வருவோம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் திருப்புகலூர் என்ற ஒரே தலத்தில் இரண்டு காட்சிகள் நடந்திருக்கின்றன. அப்பர் அங்கே உழவாரத்தால் புல் செதுக்கிக்கொண்டிருந்தபோது, செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் நவமணியும் மின்னின. உருண்டு கிடக்கும் கல்லோடு அவற்றையும் சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். 'ஓடும் செம்பொனும் ஒக்கவே நோக்குவார்', உடைந்த ஓட்டையும் பொன்னையும் ஒன்றாகவே பார்ப்பார் என்ற சேக்கிழார் வரிக்கு வாழ்ந்து காட்டிய உரை அது. அதே ஊருக்குச் சுந்தரர் வந்தது பொன் வேண்டித்தான். திருவாரூரில் பங்குனி உத்திரத்துக்கு அவர் மனைவி பரவையார் செய்யும் கொடைக்குப் பொன் தேவைப்பட்டது. கோயிலருகே செங்கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கினார். விழித்தபோது கல் பொன்னாகியிருந்தது. மகிழ்ச்சியோடு எடுத்துக்கொண்டு பாடினார்: 'இம்மையே தரும் சோறும் கூறையும்.' இந்தப் பிறவியிலேயே சோறும் உடையும் தருவான் என்று பொருள்.

ஒருவர் பொன்னை எறிந்தார், ஒருவர் எடுத்துக்கொண்டார். இருவரையும் நாம் ஒரே வரிசையில் வைத்துக் கும்பிடுகிறோம். பொன்னை எறிந்ததால் அப்பர் உயர்ந்துவிடவில்லை, கேட்டதால் சுந்தரர் தாழ்ந்துவிடவில்லை. அப்பருக்கு அந்த நேரத்தில் பொன் தேவைப்படவில்லை. சுந்தரருக்குத் தேவைப்பட்டது, வெட்கப்படாமல் கேட்டார். குண்டையூரில் கிடைத்த நெல்லைச் சுமக்க ஆளில்லை என்றுகூட இறைவனிடமே முறையிட்டவர் அவர். 'வாளன கண் மடவாள் அவள் வாடி வருந்தாமே' என்று காரணத்தையும் பாட்டிலேயே சொல்லிவிட்டார். பரவையார் பட்டினியால் வாடக்கூடாது, அதற்குத்தான் நெல். பொருளைக் கேட்பது வேறு, பொருள் கிடைக்காவிட்டால் கேட்ட இடத்தையே மறந்துவிடுவது வேறு. இரண்டாவதைத்தான் பொருளாசை என்று நான் அஞ்சுகிறேன். வேண்டுதல் பலித்தால் தேங்காய் உடைப்பதும், பலிக்காவிட்டால் அடுத்த கோயிலைத் தேடுவதுமாக இருக்கும் நம் காலத்துக்கு அந்த அச்சம் வேண்டும்.

இந்த மரபை நமக்கு அருகில் கொண்டுவந்தவர் வள்ளலார். அன்பை வயிற்றிலிருந்து பிரித்துப் பேச அவர் மறுத்துவிட்டார். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் திறந்து அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசி தீர்க்கும் சீவகாருண்யத்தை மோட்ச வீட்டின் திறவுகோல் என்றார். அங்கே வந்து உட்காருகிறவரிடம் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று கேட்பதில்லை; முதலில் இலை போடுகிறார்கள்.