பழைய காரில் ஏபிஎஸ் இருக்கிறதா? குழாயை எண்ணுங்கள்

வணக்கம். கேமரா கொஞ்சம் ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் டார்ச், மறு கையில் கேமரா, பிடித்துக்கொள்ள ஆள் இல்லை.

இதோ இந்தக் காருக்கு வயது இருபத்து மூன்று. போன வாரம்தான் என் கைக்கு வந்தது. ஓங்கி பிரேக் போட்டாலும் சக்கரம் லாக் ஆகாமல், அதாவது சுழலாமல் இறுகிவிடாமல், பார்த்துக்கொள்ளும் அமைப்புதான் ஏபிஎஸ். அது இருக்கிறதா என்று விற்றவரிடம் கேட்டேன். "இருக்கும்" என்றார். இந்த "இருக்கும்" என்ற சொல்லை நம்பி ஒருமுறை நன்றாகப் பட்டவன் நான். நான் முதலில் வாங்கிய காரின் பின்கண்ணாடியில் ஏபிஎஸ் என்று பளபளவென ஒரு ஸ்டிக்கர் இருந்தது. மழை ஓய்ந்த ஒரு மாலையில், முன்னால் போன வண்டி சட்டென்று நின்றது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். ஏபிஎஸ்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில் ஸ்டியரிங்கையும் ஒடித்தேன். சக்கரம் திரும்பியது, கார் திரும்பவில்லை. சறுக்கிக்கொண்டே போய்ச் சாலையோர மண்மேட்டில் மூக்கைக் குத்தி நின்றது. அடி பம்பருக்கு மட்டும்தான். ஸ்டிக்கரை அன்று இரவே சுரண்டி எடுத்தேன்.

நடந்தது இதுதான். சுழலாமல் இறுகிப்போன டயருக்குப் பக்கவாட்டுப் பிடி போய்விடும். நீங்கள் எந்தப் பக்கம் ஒடித்தாலும் அது போன போக்கில்தான் போகும். ஏபிஎஸ் இருந்தால், சக்கரம் லாக் ஆகப்போகும் நேரத்தில் அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை ஒரு நொடிக்குள் பலமுறை விட்டு விட்டுப் பிடிக்கும். அதனால் காலின் வேலையே மாறுகிறது. ஏபிஎஸ் உள்ள காரில் அழுத்தி மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். இல்லாத காரில் சக்கரம் லாக் ஆனால் காலைத் தளர்த்தி மறுபடி மிதிக்க வேண்டும். எது என்று தெரியாமல் ஓட்டினால், அவசரத்தில் கால் தப்பான வேலையைச் செய்யும்.

தயாரித்த வருடத்தை வைத்துச் சொல்லிவிட முடியாதா? முடியாது. போஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது 1978இல். ஐரோப்பியக் கார் நிறுவனங்கள் எல்லாப் புதுக் கார்களிலும் பொருத்துவதாக ஒப்புக்கொண்டது 2004 முதல். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் பெரும்பாலான கார்களுக்கு அது காசு கொடுத்துக் கேட்டு வாங்கும் வசதி. ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே நிறம். ஒன்றில் இருக்கும், பக்கத்தில் நிற்பதில் இருக்காது. காரோடு வரும் கையேடும் உதவாது. எல்லா வகைகளுக்கும் சேர்த்து ஒரே புத்தகமாக அச்சடித்து, "இருந்தால்" என்று போட்டிருப்பார்கள்.

சரி, உள்ளே உட்காருகிறேன். முதலில் விளக்கு. என்ஜினைக் கிளப்பாமல் சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்புகிறேன். டாஷ்போர்டில் வரிசையாக எரிகின்றன பாருங்கள். பேட்டரி, ஆயில், கை பிரேக். ஏபிஎஸ் இருக்கும் காரில் இவற்றோடு மஞ்சளாக ஏபிஎஸ் எழுத்துகளும் எரிந்து, தன்னைத் தானே சோதித்துக்கொண்டு, சில நொடிகளில் அணைய வேண்டும். இந்தக் காரில்... எரியவில்லை. இன்னொரு தடவை திருப்புகிறேன். இல்லை.

பெரும்பாலானவர்கள் இங்கேயே கதவைச் சாத்திவிட்டு "ஏபிஎஸ் இல்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். எரியாத விளக்குக்கு இரண்டு அர்த்தம் உண்டு: ஏபிஎஸ் இல்லை, அல்லது பல்ப் இல்லை. ஏபிஎஸ் கெட்டுப்போனால் விளக்கு அணையாமல் எரியும். வாங்க வருபவர் கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து பல்பைக் கழற்றிவிடும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள். இதைவிடக் கெட்டிக்காரர்களும் உண்டு. ஏபிஎஸ் விளக்கின் வயரை ஆயில் விளக்கோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். சாவி போட்டால் எரியும், என்ஜின் கிளம்பியதும் அணையும், பார்க்க எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ஆகவே, என்ஜினைக் கிளப்பாமல் காத்திருந்து பாருங்கள். ஆயில், பேட்டரி விளக்குகள் எரிந்துகொண்டே இருக்க, பெரும்பாலான கார்களில் ஏபிஎஸ் விளக்கு மட்டும் தனியாக அணையும். ஆயில் விளக்கோடு கைகோத்துக்கொண்டு ஒரே கணத்தில் அணைந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

இனி பானெட்டைத் திறக்கிறேன். எனக்குப் பிடித்த இடம் இதுதான். இங்கே பொய் சொல்வது கடினம்.

டிரைவர் பக்கம், என்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவரை ஒட்டி, சட்டிபோலக் கறுப்பாக உருண்டையாக இருக்கிறதே, அது பூஸ்டர். இதைக் காட்டி "இதுதான் ஏபிஎஸ்" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இல்லை, இது உங்கள் கால் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுப்பது, ஏபிஎஸ் இல்லாத காரிலும் இருக்கும். அதன் மூக்கில் ஒட்டியிருப்பது பிரேக் ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், தலையில் பிரேக் ஆயில் டப்பா. சிலிண்டரிலிருந்து பென்சிலைவிட ஒல்லியாக இரண்டு இரும்புக் குழாய்கள் கிளம்புகின்றன. தெரிகிறதா? டார்ச்சை இப்படி வைக்கிறேன். இந்தக் குழாய்களை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். என்ஜின் சூடாக இருந்தால் ஆறிய பிறகு தொடுங்கள். ஏபிஎஸ் இல்லாத காரில் இவை நேராகச் சக்கரங்களை நோக்கிப் பிரிந்துவிடும், இல்லையென்றால் ஒரு சின்ன உலோக வால்வுக்குள் போய்ப் பிரியும். இருக்கும் காரில் இரண்டும் ஒரு அலுமினியக் கட்டிக்குள் நுழையும்.

இதோ, இறங்குகிறது, ஏர் ஃபில்டருக்கு அடியில் வளைகிறது... ஆகா. பாருங்கள். கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு கட்டி. மேலே எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பிக் கிடக்கிறது, துணியால் துடைக்கிறேன். ஒரு பக்கம் டப்பிபோலச் சின்ன மோட்டார். எதிர்ப்பக்கம் கறுப்புப் பெட்டி, அதில் பட்டை பட்டையாக வயர் நுழையும் அகலமான கனெக்டர். உள்ளே போவது இரண்டு குழாய். வெளியே வருவது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சக்கரத்துக்கு ஒன்று. ஏபிஎஸ் இருக்கிறது!

சில பழைய கார்களில் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் பொதுவாக ஒரே குழாய் போகும், அங்கே மூன்றுதான் வெளியே வரும். பின் சக்கரங்களுக்கு மட்டுமே ஏபிஎஸ் வைத்த பழைய பிக்கப் வண்டிகளும் உண்டு. அதனால் குழாய் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், மோட்டாரும் அகலமான கனெக்டரும் கூடவே இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பு சொன்ன அந்தச் சின்ன வால்வு பலரை ஏமாற்றும். அதிலும் நான்கைந்து குழாய் இருக்கும், சிலவற்றில் எச்சரிக்கை விளக்குக்கான ஒற்றை வயரும் இருக்கும். ஆனால் மோட்டார் இருக்காது.

ஃபியூஸ் பெட்டி மூடியில் ஏபிஎஸ் என்று அச்சடித்திருப்பதைக் கையேட்டைப்போலத்தான் மதிக்க வேண்டும். அந்த இடத்தில் ஃபியூஸ் இருக்கிறதா, அது செருகும் துளையில் உலோக முனைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் இருப்பதும் சான்றில்லை. பின்னால் டிரம் இருந்தால் ஏபிஎஸ் இருக்காது என்பதும் கட்டுக்கதை. என்ஜின் கோளாறை மட்டும் படிக்கும் மலிவான ஸ்கேனர் "எதுவும் இல்லை" என்று சொன்னால், அது ஏபிஎஸ் பக்கம் எட்டியே பார்க்கவில்லை என்றும் அர்த்தம் இருக்கலாம்.

அடுத்து சக்கரம். ஜாக்கி வேண்டாம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவிட்டால், முன் சக்கரத்தின் பின்புறம் திறந்துகொள்ளும். குனிகிறேன். ரப்பர் உறை போட்ட தடித்த குழாய் பிரேக் ஆயிலுக்கானது. அதன் கூடவே ஒரு ஒல்லியான வயர் வந்து, பேரிங் இருக்கும் இடத்தில் ஒற்றை போல்ட் போட்ட சின்ன முனைக்குள் போகிறது பாருங்கள். அதுதான் சக்கர வேக சென்சார். அதற்கு எதிரே பல் பல்லாக ஒரு வளையம் சுற்றும். பற்கள் கடக்கும்போது எழும் மின் துடிப்பைக் கணக்கிட்டுத்தான் எந்தச் சக்கரம் நிற்கப்போகிறது என்று அந்தக் கறுப்புப் பெட்டி தெரிந்துகொள்கிறது. பிற்காலக் கார்களில் பற்களுக்குப் பதில் காந்த வளையம் பேரிங்குக்குள்ளேயே ஒளிந்திருக்கும். வயர் பேரிங் பக்கம் போகாமல், டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள், பிரேக் பேடுக்குப் போனால் அது பேட் தேய்மானத்தைச் சொல்லும் வயர். அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

ஓட்டிப் பார்த்தும் சோதிக்கலாம். ஆளில்லாத, ஈரமான அல்லது சரளைப் பரப்பில், முப்பது கிலோமீட்டர் வேகத்தில், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு ஓங்கி மிதித்தால், பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதைக்கும், மோட்டார் உறுமும். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அதுதான் வேலை செய்யும் ஒலி. கார் நிற்கும் கடைசிக் கணத்தில் சக்கரம் லாக் ஆனால் அதைக் குறையாக எடுக்க வேண்டாம். நடந்து போகும் வேகத்துக்கு இறங்கியதும் ஏபிஎஸ் ஒதுங்கிக்கொள்ளும். உதைப்பே வரவில்லையென்றால், ஏபிஎஸ் இல்லாமலும் இருக்கலாம், இருந்தும் கெட்டுக் கிடக்கலாம். ஆகவேதான் ஓட்டிப் பார்ப்பதைக் கடைசியில் வைத்தேன்.

நம் காருக்கு வருவோம். கட்டி இருக்கிறது, சென்சார் இருக்கிறது, விளக்கு மட்டும் இல்லை. கேமராவை நிறுத்திவிட்டு டாஷ்போர்டு மீட்டரைக் கழற்றினேன். இதோ பின்பக்கம். ஒவ்வொரு பல்பும் கட்டைவிரல் நகம் அளவுள்ள ஹோல்டரில் முறுக்கி உட்கார்ந்திருக்கிறது. இந்தத் துளையில் மட்டும் ஹோல்டரே இல்லை, சுற்றிலும் தூசி, நடுவில் புதுக் கீறல். யாரோ மெனக்கெட்டு உருவியிருக்கிறார்கள்.

வேறொரு பல்பைப் போட்டு மீட்டரை மாட்டிவிட்டேன். சாவியைத் திருப்புகிறேன். எரிகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து... எரிந்துகொண்டே இருக்கிறது. நல்லது, எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. சாதாரண பிரேக் வேலை செய்கிறது, என்ஜினைக் கிளப்பிக் கை பிரேக்கை விடுவித்தபின் சிவப்பு பிரேக் விளக்கு எரியவில்லை. அதுவும் சேர்ந்து எரிந்தால் காரை எடுக்கவே மாட்டேன். இப்போதைக்கு ஏபிஎஸ் இல்லாத கார் என்று நினைத்தே ஓட்டப்போகிறேன். நாளைக்கு மல்டிமீட்டரும் கையுமாக நான்கு சென்சார் வயரையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முன் இடது பக்க வயரில் டேப் சுற்றியிருந்ததைக் குனிந்தபோது பார்த்தேன். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.