ஆறு மணிக்கு மேலும் நோய் வரும்

(மூணாறில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, மழையையும் பாராமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பஞ்சாயத்து உறுப்பினர்களே, எல்லாச் சங்கங்களின் பொறுப்பாளர்களே (உங்களை ஒரே மேடையில் பார்ப்பதே பெரிய விஷயம்), தலைமையாசிரியர் ஐயா அவர்களே, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் அம்மாமார்களே, அக்காமார்களே, வணக்கம். சால்வை போர்த்திய நூலகச் செயலாளருக்கும் நன்றி.

நம் மலைக்கு வேண்டிய அரசு மருத்துவ வசதியில் பணம், ஆள், மருந்து என்று மூன்றைப் பற்றிப் பேசுவதாகத் தலைவரிடம் சொல்லியிருக்கிறேன்.

முதலில் பணம். 2017-இல் மத்திய அரசு தேசிய சுகாதாரக் கொள்கையை வெளியிட்டது. 2025-க்குள் நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் சுகாதாரத்துக்கு என்று அதில் எழுதினார்கள். 2021-22 கணக்குப்படி மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து செலவழித்தது 1.84 சதவீதம். 2025-உம் வந்து போய்விட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!

அடுத்து ஆள். அதே 2017-இல் கேரள அரசு ஆர்த்ரம் திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப சுகாதார மையங்களாகும், மாலை ஆறு மணி வரை ஓபி நடக்கும் என்றார்கள். நல்ல திட்டம்தான். பல ஊர்களில் பலன் தந்திருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஆறு மணிக்கு மேல் நோய் வராதா? வீடு வீடாக வரும் ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் மாத மதிப்பூதியம் 7,000 ரூபாயை 21,000 ஆக்கச் சொல்லி 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்தார்கள். 2025 அக்டோபரில் கூட்டிக் கொடுத்தது 1,000 ரூபாய்.

2020 ஊரடங்கில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒரு பெண்ணுக்கு ராத்திரி பத்து மணிக்கு வலி எடுத்தது. ஜீப் பிடித்து ஓர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வராந்தாவில் ஒரு டியூப்லைட், ஒரே ஒரு நர்ஸ். “டாக்டர் காலையிலதான் வருவாரு, கீழே கொண்டு போயிடுங்க” என்றார். தனி ஆளாக அவர் என்ன செய்வார்? அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கோட்டயம் மருத்துவக் கல்லூரி வெகுதூரம். சொந்தபந்தமெல்லாம் தேனிப் பக்கம். சரி, பூப்பாறை வழியாகத் தமிழ்நாட்டு எல்லையிலுள்ள போடிமெட்டுக்கு விட்டோம். கண்ணை மறைக்கும் பனி. வைப்பர் வேலை செய்யவில்லை. டிரைவர் தம்பி தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினான்.

செக்போஸ்ட்டில் கம்பு குறுக்கே கிடந்தது. இ-பாஸ் எங்கே என்றார்கள். அந்தப் பெண்ணின் மாமியார் பின்னாலிருந்து இறங்கினார். “வயித்துல இருக்கிற பிள்ளைக்கு இன்னும் பேரே வைக்கல சாமி, எந்தப் பேருல பாஸ் எடுக்க?” என்று கேட்டார். கம்பு தானாக மேலே போனது. காவலுக்கு நின்றவர் தன் டார்ச்சையும் கையில் கொடுத்து அனுப்பினார். மலை இறங்குவதற்குள் ஜீப்பிலேயே பிரசவம். மாமியார் முந்தானையில் பிள்ளையை ஏந்தினார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

கைதட்டுகிறீர்கள். வேண்டாம். அதே பாதையில் இறங்கித் திரும்பி வராதவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

மருந்தைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். இப்போது நான் கேட்பது ஒன்றுதான்: இந்த மலையில் ராத்திரி முழுக்க ஒரு டாக்டர், அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆம்புலன்ஸ். சங்கம் எதுவானாலும் இந்தக் கோரிக்கையில் எல்லோரும் சேர வேண்டும்.

அதற்கான மனுவை மலையாளத்தில் எழுத வராதே என்று தயங்காதீர்கள். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மைப் பகுதியில் இருப்பவர்கள் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். நாம் எழுதாவிட்டால் அந்தச் சட்டமும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

வாசலில் மேசை போட்டிருக்கிறோம். எழுத வராதவர்களுக்கு நம் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். பெயர், எஸ்டேட், லயம், ராத்திரியில் உங்கள் வீட்டில் நடந்தது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். மாவட்ட மருத்துவ அலுவலருக்கு ஒரு படி போகும். இன்னொரு படியில் அலுவலக முத்திரை வாங்கி உங்கள் வீட்டில் பத்திரமாக வையுங்கள். அடுத்த தேர்தலுக்கு யார் வந்து கதவைத் தட்டினாலும் முதலில் அதை எடுத்து நீட்டுங்கள்.