சாவி இல்லாத சாவி

நேயர்களுக்கு வணக்கம்.

கைக்கடிகாரத்துக்குச் 'சாவி கொடுப்பது' என்கிறோம். எந்தச் சாவி? கடிகாரம் வாங்கும்போது யாரும் நமக்குச் சாவி தருவதில்லை. விளிம்பில் இருக்கும் சிறு திருகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டுகிறோம், அவ்வளவுதான். ஆனால் சட்டைப்பையில் கடிகாரம் வைத்திருந்த காலத்தில் உண்மையிலேயே தனிச் சாவி இருந்தது. அது தொலைந்தால் கடிகாரமும் நின்றது. 1840களில் அத்ரியன் ஃபிலிப் என்ற பிரெஞ்சுக்காரர், திருகைக் கொண்டே சாவி கொடுக்கும் அமைப்பு ஒன்றைச் செய்து காட்டினார். பதேக் ஃபிலிப் என்ற நிறுவனப் பெயரில் வரும் ஃபிலிப் அவர்தான். சாவி ஒழிந்து இவ்வளவு காலம் ஆகியும் சொல் மட்டும் நம் வாயை விட்டுப் போகவில்லை.

அப்படிச் சாவி கொடுத்து ஓடும் கடிகாரம் ஒன்று இப்போது என் மணிக்கட்டில் இருக்கிறது. பார்ப்பவர்கள், "அப்பாவுடையதா?" என்று கேட்கிறார்கள். இல்லை. நான் வாங்கி நான்கு ஆண்டுகள்தான் ஆகின்றன. 1960களின் ராணுவக் கடிகாரத்தைப் பார்த்து இன்று செய்தது. கறுப்பு டயல், வெள்ளை எண்கள், உள்வட்டத்தில் 13 முதல் 24 வரை சின்ன எண்கள். தேதி கிடையாது. பழைய புத்தகத்தை மறுபதிப்புப் போடுவது போல, பழைய கடிகாரத்துக்கு மறுபதிப்பு.

"அப்படியானால் நகல்தானே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். சுருக்கென்றிருந்தது. ஆனால் அவர் கேட்டதில் தவறில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சில காலம் யோசித்தேன்.

நகல் எடுப்பதில் எத்தனை தூரம் போகலாம் என்பதற்கு ஒமேகா என்ற கடிகார நிறுவனத்தின் கதை ஒன்று உண்டு. அவர்களுடைய ஸ்பீட்மாஸ்டர் என்ற கைக்கடிகாரத்தின் தொடக்க கால மாதிரிகளில் 321 என்ற எண் கொண்ட இயந்திரம் இருந்தது. 1968 வாக்கில் அதைக் கைவிட்டு, செய்வதற்கு எளிதான வேறொன்றுக்கு மாறினார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2019-ல், அதே 321-ஐ மீண்டும் செய்யப்போவதாக அறிவித்தார்கள். அதற்காக, 1972-ல் அப்போலோ 17 பயணத்தில் நிலவுக்குப் போன யூஜின் செர்னான் அணிந்திருந்த கடிகாரத்தை எடுத்து, பிரிக்காமலேயே ஸ்கேன் செய்து உள்ளுறுப்புகளைப் பார்த்தார்கள். நோயாளிக்குச் செய்வது போலவே கடிகாரத்துக்கும்!

சீனாவின் சீகல் என்ற கடிகார நிறுவனத்தின் கதை வேறு மாதிரி. 1960களின் தொடக்கத்தில் தங்கள் விமானப்படைக்கு, பொத்தானை அழுத்தி நேரத்தை அளக்கும் நிறுத்துக்கடிகார வசதி கொண்ட கைக்கடிகாரம் வேண்டும் என்று, சுவிட்சர்லாந்தின் வீனஸ் 175 என்ற இயந்திரத்தைச் செய்யும் கருவிகளையே வாங்கிவந்தார்கள். இன்று '1963' என்ற பெயரில் விற்கும் மறுபதிப்புக்குள் ஓடுவது அந்த வம்சத்தில் வந்த இயந்திரம்தான். பின்மூடி கண்ணாடியாக இருந்தால், பொத்தானை அழுத்தும்போது கோட்டை மதில் போன்ற பல் வைத்த சிறு சக்கரம் ஒன்று ஒரு படி நகர்வதைப் பார்க்கலாம். நான் பத்து முறையாவது தேவையில்லாமல் அழுத்திப் பார்த்திருக்கிறேன். இதை நகல் என்பதா, பேரன் என்பதா?

எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய கடிகாரங்களில் இருட்டில் ஒளிர்வதற்கு முதலில் ரேடியமும் பிறகு டிரிட்டியமும் கலந்த பூச்சைத் தடவினார்கள். ஆண்டுகள் போகப் போக அது பழுத்து, தயிர் ஏடு போன்ற நிறத்துக்கு வந்தது. இன்றைய பூச்சில் கதிரியக்கம் இல்லை, அது அப்படிப் பழுப்பதும் இல்லை. ஆகவே பல நிறுவனங்கள் புதுப் பூச்சுக்கே பழுத்த நிறத்தைக் கலந்து தடவி அனுப்புகின்றன. பள்ளி நாடகத்தில் தாத்தா வேடம் போட்ட சிறுவனின் பஞ்சுத் தாடிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. கீறலும் பழுப்பும் உடையவன் கையில் வரவேண்டியவை; கடையிலேயே ஒட்டிக்கொடுக்கக் கூடாது. என் கடிகாரத்தின் எண்கள் வெறும் வெள்ளை. வாங்கும்போது அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

கண்ணாடி விஷயத்தில் நான் பழைய கட்சி. நீலக்கல் கண்ணாடியில் எளிதில் கீறல் விழாது, உண்மை. ஆனால் பிளாஸ்டிக் கண்ணாடியின் மேடான ஓரத்தில் நிமிட முள் வளைந்து தெரியும் அழகு அதில் வருவதில்லை. கீறல் விழுந்தால் மெருகுப் பசையை விரலில் எடுத்துப் பத்து நிமிடம் தேய்த்தால் போய்விடும். அடிபட்டாலும் தூள் தூளாகச் சிதறாது. விண்வெளிக்குப் போன ஸ்பீட்மாஸ்டரில் பிளாஸ்டிக் இருந்ததற்கு அந்தக் குணமும் ஒரு காரணம்.

நண்பருக்கு நான் கண்ட பதில் இதுதான். டயல் நகல், முட்கள் நகல், வார் நகல். சாவி கொடுப்பது மட்டும் நகல் அல்ல. 1965-ல் ஒருவர் காலையில் என்ன செய்தாரோ, அதையேதான் நானும் செய்கிறேன். அதைப் போலியாகச் செய்ய வழியே இல்லை.

கடிகாரத்தைக் கையிலிருந்து கழற்றிக்கொள்ள வேண்டும். கட்டியபடியே கொடுத்தால் திருகின் தண்டு ஒருபக்கமாக இழுபடும். முதல் சில சுற்றுகள் லேசாகப் போகும். உள்ளே ஒரு சிறு கொக்கி, பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லிலும் விழுந்து எழும் ஒலி கேட்கும். அந்தக் கொக்கிதான், சுருண்ட வில் ஒரே மூச்சில் அவிழ்ந்துவிடாமல் பிடித்து வைக்கிறது. போகப் போகத் திருகு கனக்கும். முப்பது சுற்றோ நாற்பதோ, கடிகாரத்துக்குக் கடிகாரம் மாறும். பிறகு, இதற்கு மேல் வேண்டாம் என்று அதுவே சொல்லும். அங்கே விட்டுவிட வேண்டும். மல்லுக்கட்டினால்தான் ஆபத்து. 'சாவி அதிகமாகி நின்றுவிட்டது' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். முழுச் சாவி கொடுத்த கடிகாரம் ஓடத்தான் வேண்டும். நிற்கிறது என்றால் பெரும்பாலும் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும், அல்லது அழுக்கு. பழி மட்டும் சாவி கொடுத்தவர் மேல்.

இதில் ஒரு வேடிக்கை. பழைய இயந்திரங்கள் ஒன்றரை நாள், மிஞ்சினால் இரண்டு நாள் ஓடின. அதனால் தினமும் சாவி கொடுத்தார்கள். இன்றைய மறுபதிப்பில் நீண்ட நேரம் ஓடும்படி செய்துவிட்டார்கள். ஹாமில்டன் நிறுவனத்தின் காக்கி ஃபீல்ட் என்ற கடிகாரத்தில் இருக்கும் எச்-50 இயந்திரம் 80 மணி நேரம் ஓடும். நல்லதுதானே என்றுதான் நானும் நினைத்தேன். என்னுடையதும் மூன்று நாள் தாண்டும். இன்று வேண்டாம், நாளை கொடுக்கலாம் என்று விட்டதில் பழக்கம் போயிற்று. நான்காம் நாள், முக்கியமான ஒரு சந்திப்பு அன்று, முள் ஐந்தே காலில் நின்றிருந்தது. நானும் அதை நம்பிச் சாவகாசமாக உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை நாளில் நின்றுவிடும் கடிகாரம் யாரையும் இப்படி ஏமாற்றாது. இப்போது தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையில் எழுந்ததும் கொடுத்துவிடுகிறேன்.

சேகரிப்பு வியாதியும் எனக்கு இருந்தது. ஒன்று, இரண்டு என்று ஏழு வரை போனேன். எல்லாமே சாவி கொடுக்கும் வகை. கை அசைவிலேயே சாவி ஏறும் தானியங்கிக் கடிகாரம் என்றால் சுழலும் பெட்டியில் வைத்து ஓடவிடலாம். இவற்றுக்கு விரலைத் தவிர வேறு வழி கிடையாது. முதல் மாதம் ஏழுக்கும் தினமும் கொடுத்தேன். கை வலித்தது. பிறகு கட்டுவதற்கு மட்டும் கொடுத்தேன். ஒருநாள் பெட்டியைத் திறந்தால் ஆறு கடிகாரங்கள் ஆறு நேரம் காட்டி நின்றுகொண்டிருந்தன. நான் எப்போது எதைக் கைவிட்டேன் என்ற கணக்கை எழுதி வைத்தது போல இருந்தது. ஐந்தைக் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டவர்கள் ஓட வைத்திருக்கிறார்கள். எஞ்சிய இரண்டில் ஒன்றும் அதிகப்படிதான், ஆனால் 34 மில்லிமீட்டர் அளவில் பொட்டுப் போல அழகாக இருக்கிறது, மனம் வரவில்லை.

வானொலி கேட்பவர்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை. என் கடிகாரம் ஒருமுறை திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்த ஆரம்பித்தது. பழுது பார்ப்பவர் அதைத் திறக்கவே இல்லை. ஒரு திசைகாட்டியின் அருகே கொண்டுபோனார், முள் துள்ளியது. "இரவில் எங்கே வைக்கிறீர்கள்?" என்றார். வானொலிப் பெட்டியின் மேல்தான். ஒலிபெருக்கிக்குள் காந்தம் இருக்கிறது அல்லவா? உள்ளே மயிரிழை போன்ற சுருள் ஒன்று விரிந்து சுருங்கித்தான் நேரத்தை அளக்கிறது. காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருள் குறுகிவிட்டது போல ஆகிக் கடிகாரம் ஓட்டமெடுக்கும். காந்தம் நீக்கும் சிறு கருவியின் மேல் வைத்தெடுத்தார், சரியாகிவிட்டது. இப்போது என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெட்டியின் மேல் உங்கள் கடிகாரம் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இந்த அறைக்குள் நுழையும்போது கைபேசியை அணைக்கச் சொன்னார்கள். கைக்கடிகாரத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வெளி ஓசை எதுவும் வராத அறை இது. பேச்சை நிறுத்தினால் என் மணிக்கட்டின் ஒலி எனக்கே கேட்கிறது. மணிக்கு 21,600 துடிப்பு, நொடிக்கு ஆறு. எண்ண முடியாது, கேட்க முடியும். கழற்றி, ஒலிவாங்கியை ஒட்டிப் பிடிக்கிறேன். ஒலிப்பதிவாளர் தலையசைக்கிறார். எனக்குத் தந்த நேரத்தில் பத்து நொடி மிச்சம் இருக்கிறது, அது கடிகாரத்துக்கு.

வணக்கம்.