அன்னாவை வரைபடத்திலிருந்து தூக்கியது யார்?

வணக்கம். இன்று தேநீர் கூடப் போடாமல் உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவு எரிச்சல். இதோ, கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். ஆங்கிலோ-சாக்சன் மன்னர்களின் வம்ச வரைபடம். விலை 19 பவுண்ட். சுருட்டி வைத்துத் தரும் அட்டைக் குழாய்க்குத் தனியாக 2 பவுண்ட். வெறும் அட்டை! மூடி கூட ஒரு பக்கம்தான் இருக்கிறது. கடையின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். கிழக்கு ஆங்கிலியா, அதாவது இங்கிலாந்தின் கிழக்கில் இருந்த அரசு, அந்தப் பகுதியைப் பாருங்கள். மேலே மன்னர் ரெட்வால்ட். அவருக்கு அடுத்தவர், 869இல் டேனியர் கையில் உயிர்விட்ட எட்மண்ட். நடுவில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் யாருமே இல்லை. அந்த இடத்தை அடைக்க ஒரு கேடயப் படம். அன்னா எங்கே?

புதிதாக வந்திருப்பவர்களுக்கு: அன்னா ஆண், ஏழாம் நூற்றாண்டில் கிழக்கு ஆங்கிலியாவை ஆண்ட மன்னர். ரெட்வால்டின் உடன்பிறந்தவரான ஏனியின் மகன். 1939இல் சட்டன் ஹூவில் தோண்டி எடுத்த, புதையல் நிறைந்த கப்பல் கல்லறை ரெட்வால்டுடையது என்றுதான் பலரும் கருதுகிறார்கள், அதனால் பெரியப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ எப்போதும் பெயர் உண்டு. அன்னாவுக்குப் புதையல் கிடையாது, கிடைத்ததெல்லாம் பெண்டா. பக்கத்து அரசான மெர்சியாவின் மன்னன் பெண்டாவைப் பற்றி நான் எவ்வளவு கத்தியிருக்கிறேன் என்று பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அன்னாவுக்கு முன் ஆண்ட சிகெபெர்ட், எக்ரிக் இருவரையும் கொன்றவன் அவன். அந்த அரியணையில்தான் அன்னா ஏறினார். 654 வாக்கில் அவரையும் பெண்டாவே தீர்த்துக்கட்டினான். சஃபோக்கில் பிளைத்பர்க் அருகே அந்தப் போர் நடந்தது என்பது மரபு.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும், கென்வாலை விட்டுவிட்டேன். வெசெக்ஸ் மன்னன். பெண்டாவின் சகோதரியை மணந்து, பிறகு தள்ளி வைத்தான். பெண்டா சும்மா இருப்பானா? நாட்டைவிட்டே துரத்திவிட்டான். ஓடி வந்தவனுக்கு மூன்று ஆண்டுகள் சோறும் கூரையும் கொடுத்தவர் அன்னா. கென்வால் கிறிஸ்தவனானதும் அங்கேதான். எனக்குக் கென்வாலைப் பிடிக்கவே பிடிக்காது. அவனுக்கு அடைக்கலம் கொடுத்ததும் பெண்டாவின் பகையை வளர்த்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இதைவிட வயிறு எரிகிற சங்கதி ஒன்று. அன்னாவுக்குப் பின் அரியணை ஏறியவன் அவருடைய சகோதரன் எதெல்ஹெரெ. அவன் 655இல் வின்வெட் போரில் செத்தான். யார் பக்கம் நின்று தெரியுமா? பெண்டாவின் பக்கம். கூடப் பிறந்தவனைக் கொன்றவனோடு சேர்ந்து! பெண்டாவும் அதே களத்தில் விழுந்தான்.

இனி அன்னாவின் மகள்கள். எல்லோருக்கும் எதெல்ட்ரெடாவைத் தெரியும். இரண்டு திருமணம், இரண்டிலும் கன்னியாகவே இருந்தவர் என்று அக்கால வரலாற்றை எழுதிய துறவி பீட் எழுதுகிறார். இரண்டாவது கணவன் நார்தம்பிரியாவின் எக்ஃப்ரித். மனைவியின் மனத்தை மாற்றித் தந்தால் நிலமும் பணமும் தருவதாக ஆயர் வில்ஃப்ரிடிடம் பேரம் பேசியவன். ஆயர் வழியாகக் குடும்பம் நடத்தப் பார்த்த ஆள்! எதெல்ட்ரெடா 12 ஆண்டுகளுக்குப் பிறகு துறவியாகி, ஈலியில் மடம் நிறுவினார். கம்பளி ஆடைதான், வெந்நீர்க் குளியல் பெருவிழாக்களுக்கு முன்பு மட்டுமே. 679இல் கழுத்தில் கட்டி வந்து இறந்தார். இளமையில் அணிந்த அட்டிகைகளுக்கான தண்டனை என்று அவரே சொன்னாராம். ஈலி பேராலயத்தில் அவருடைய சமாதி இருந்த இடத்தைக் காட்ட இன்றும் தரையில் ஒரு கல் இருக்கிறது.

என் ஆள் அவர் இல்லை. மூத்தவர் சியாக்ஸ்பர்தான். கென்ட் மன்னன் எயர்கன்பெர்ட்டின் மனைவி. நாடு முழுவதும் பழைய தெய்வங்களின் சிலைகளை உடைக்கச் சொன்ன முதல் ஆங்கில மன்னன் அவன். 664 கொள்ளைநோய் ஆண்டில் கணவன் போனபின் துறவியாகி, தங்கைக்குப் பிறகு ஈலியின் தலைவியானார். தங்கையை 16 ஆண்டுகள் கழித்துத் தோண்டி எடுத்து ஆலயத்துக்குள் வைத்ததும் இவர்தான். ஈலி சதுப்பு நிலம், நல்ல கல் கிடைக்காது. மடத்துத் துறவிகளைப் படகில் அனுப்பினார். கேம்பிரிட்ஜ் பக்கம் பாழடைந்த கோட்டைச் சுவரோரம் மூடியோடு கூடிய வெள்ளைச் சலவைக்கல் பேழை ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. உடல் அதில் அளவெடுத்ததுபோல் பொருந்தியதாம். புனிதை புனிதை என்று தங்கையைக் கொண்டாடுகிறீர்களே, அந்தப் படகை அனுப்பியது யார்?

ஐயோ, பிரான்சில் ஃபாரமூட்டியே மடத்துக்குத் தலைவியான எதெல்பரும், அன்னாவின் மனைவி வழி வந்த மகள் சேத்ரித்தும் விட்டுப்போனார்கள். சேத்ரித்தும் அதே மடத்தின் தலைவிதான். சரி, சொல்லிவிட்டேன்.

இப்போது என் வெற்றி. காட்டுகிறேன், கொஞ்சம் பொறுங்கள், வெளிச்சம் அடிக்கிறது. நானே வரைந்த வரைபடம்! காகிதமும் பேனாவும் சேர்த்து 4 பவுண்ட் கூட ஆகவில்லை. கோடுகள் ஒன்றையொன்று வெட்டவே இல்லை, ஓரிடம் தவிர. சியாக்ஸ்பரின் மகள் எயர்மன்ஹில்ட் யாரை மணந்தாள்? பெண்டாவின் மகன் வுல்ஃப்ஹெரேயை! அவர்களுடைய மகள்தான் செஸ்டர் நகரம் கொண்டாடும் வெர்பர். அன்னாவின் கொள்ளுப்பேத்தி, அன்னாவைக் கொன்றவனின் பேத்தி. இந்தக் கோட்டைச் சிவப்பு மையில் போட்டிருக்கிறேன். 19 பவுண்ட் வரைபடத்தில் வுல்ஃப்ஹெரேயின் மனைவி இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி கூட இல்லை.

விட்பர் எங்கே என்று கேட்பீர்கள். டீரம் ஊரின் புனிதை, அன்னாவின் கடைசி மகள் என்று பிற்கால மரபு சொல்கிறது. பீட் அவர் பெயரையே எடுக்கவில்லை. 743இல் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். அப்படியானால் தந்தை மாண்டு 89 ஆண்டுகள் கழித்து. அதனால் புள்ளிக்கோடுதான் போட்டிருக்கிறேன். டீரம்காரர்கள் கருத்துப் பெட்டியில் எவ்வளவு சண்டை போட்டாலும் அது முழுக்கோடு ஆகாது.