முதுகெலும்பு இல்லாமல் உடம்பு எப்படி நிற்கிறது?

[காட்சி: மொரிஷியஸின் பிளிக் அன் பிளாக் கடற்கரை. அலை ஒதுக்கிய நண்டு.]

கரையில் நண்டு ஒன்று கிடக்கிறது. செத்துவிட்டதா? தூக்கிப் பாருங்கள். கனமே இல்லை, நாற்றம் இல்லை, பின்பக்கம் பிளந்திருக்கிறது. அப்படியானால் இது நண்டு இல்லை, நண்டு கழற்றிப் போட்ட சட்டை.

விலங்கினங்களில் 95 சதவீதத்துக்கும் மேல் முதுகெலும்பில்லாதவை. அப்படியானால் அவற்றின் உடம்பைத் தாங்குவது எது? பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு உயிரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

நண்டு கணுக்காலி. அதன் ஓடு உடம்போடு வளராது. இடம் போதாமல் போனதும் ஓடு பின்புறம் பிளக்கும், நண்டு பின்னோக்கி நழுவி வெளியே வரும். உடனே தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். உப்பிய அளவுக்குத்தான் புது ஓடு இறுகும். அதுவரை பாறையிடுக்கில் பதுங்கல்தான், மெத்தென்ற நண்டை எந்த மீனும் விடாது. இறால், கரப்பான், சிலந்தி, மரவட்டை எல்லாம் இதே கூட்டம்.

[காட்சி: கரும்புத் தோட்டத்து ஓரம். மழைக்குப் பிறகு ஊரும் பெரிய நத்தை.]

நம் ஊர் குர்பாவுக்கும், அதாவது நத்தைக்கும், ஓடு உண்டே, அதுவும் கழற்றுமா? கழற்றாது. பல மாணவர்கள் சறுக்கும் இடம் இது. நத்தை, ஓட்டின் வாய் விளிம்பில் சுண்ணாம்பைச் சேர்த்துச் சேர்த்து நீட்டிக்கொண்டே போகும். காலி ஓட்டின் மேல் விரலை ஓட்டுங்கள், வரிவரியாகத் தட்டுப்படும். அவை வளர்ச்சிக் கோடுகள். உச்சியில் உள்ள சின்னச் சுருள், அது குஞ்சாக இருந்தபோது கட்டியது. உயிருள்ள நத்தையை வெறுங்கையால் தொடாதீர்கள். மூளையைப் பாதிக்கும் ஒட்டுண்ணிப் புழு அதில் இருக்கக்கூடும். தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

[காட்சி: முள் உதிர்ந்த கடல் முள்ளெலி ஓடு, வெயிலுக்கு நேராக.]

இந்த ஓடு வெளியே போர்த்தியது இல்லை, மெல்லிய தோலுக்கு அடியில் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் ஊசி குத்தியதுபோல் துளைகள் 5 பட்டைகளாகத் தெரியும். குழாய்க்கால்கள் வெளிவந்த வழி அது. குமிழ் குமிழாக இருப்பது முட்கள் பொருந்திய இடம். நட்சத்திர மீன், கடல் அட்டை ஆகியவற்றின் உடலமைப்பிலும் இந்த 5 உண்டு. இவை முட்தோலிகள்.

மண்புழுவுக்கு ஓடே இல்லை, உள்ளிருக்கும் நீர்மமே தாங்குகிறது. வட்டத் தசை இறுகினால் உடம்பு மெலிந்து நீளும், நீள் தசை இறுகினால் தடித்துக் குறுகும். ஆனால் நெளிகிறது என்பதற்காக விலாங்கையும் இதோடு சேர்த்துவிடாதீர்கள். அது மீன், முதுகெலும்பு உள்ளது.

[காட்சி: பவளப்பாறை இடுக்கில் ஊரீத்.]

ஊரீத், அதாவது பேய்க்கணவாய், நத்தைக்கு உறவுதான். இரண்டுமே மெல்லுடலிகள். இதற்கு வெளி ஓடு கிடையாது, கெட்டியான பாகம் என்றால் அலகுதான். அலகு நுழையும் சந்தில் முழு உடம்பும் நுழைந்துவிடும். 3 இதயங்கள், செம்பு கலந்த நீல இரத்தம். பெண் ஊரீத் வாழ்நாளில் ஒரு முறைதான் முட்டையிடும். பொரியும்வரை இரை தேடாமல் காவல் இருந்து இறந்துபோகும். முட்டையிடுமுன் பிடித்துவிட்டால் ஒரு தலைமுறையே போச்சு. அதனால்தான் மொரிஷியஸில் ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை ஊரீத் பிடிக்கத் தடை.