நான்கு கிலோமீட்டர் தடம் எளிதா? மலைக்காட்டில் பாதை தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சென்ற முறை நிலப்படம் வாசிப்பது பற்றிப் பேசியதிலிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று நான்கு நாட்களாக என்னை விடவே இல்லை. ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "நாங்கள் ஒரு மலைக்காட்டுப் பூங்காவுக்குப் போகிறோம். நுழைவாயில் பலகையில் மூன்று தடங்கள் போட்டிருக்கின்றன. 4 கிலோமீட்டர், 7 கிலோமீட்டர், 11 கிலோமீட்டர். மூன்றும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் சுற்றுத்தடங்கள். என்னுடன் ஒன்பது வயது மகனும், அறுபத்தெட்டு வயது அம்மாவும் வருகிறார்கள். 4 கிலோமீட்டர் தடம்தான் எங்களுக்கு எளிது, சரிதானே? அதற்குப் பச்சை நிறம் வேறு போட்டிருக்கிறார்கள்." பலகையின் படத்தையும் அனுப்பியிருக்கிறார். அதற்கு அவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். படம் இல்லாமல் நான் பதில் சொல்லியிருந்தால் தவறாகச் சொல்லியிருப்பேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடத்தின் கீழும் சிறிய எழுத்தில் இன்னொரு எண் இருக்கிறது. மொத்த ஏற்றம். 4 கிலோமீட்டர் தடத்துக்கு 500 மீட்டர். 7 கிலோமீட்டர் தடத்துக்கு 150 மீட்டர். 11 கிலோமீட்டர் தடத்துக்கு 420 மீட்டர். பெரிய எழுத்தில் போட்ட எண்ணைப் படித்துவிட்டு, சிறிய எழுத்தில் இருப்பதை விட்டுவிடுகிறோம். வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று இப்போதே தெரிந்திருக்கும். தூரத்தைக் கேட்காதீர்கள், ஏற்றத்தைக் கேளுங்கள். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். 1892இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஓர் எளிய விதி சொன்னார். இன்றைய அளவில் சொன்னால், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதன்மேல், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னும் ஒரு மணி நேரம். 4 கிலோமீட்டர் நடக்க 48 நிமிடம், 500 மீட்டர் ஏற 50 நிமிடம். ஆக 98. அடுத்தது 7 கிலோமீட்டர். நடக்க 84 நிமிடம், 150 மீட்டர் ஏற 15 நிமிடம். ஆக 99. ஒரே ஒரு நிமிட வித்தியாசம்! காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஏறத்தாழ இருமடங்கு நீளமான பாதைக்கும் அதே நேரம்தான்.

இதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். நைஸ்மித் இறக்கத்துக்குத் தனியாக எதுவும் சேர்க்கவில்லை. பின்னால் எரிக் லாங்மியூர் என்பவர் அதைத் திருத்தினார். மிதமான சரிவில் இறங்கினால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் பத்து நிமிடம் கழியுங்கள். சரிவு 12 பாகையைத் தாண்டினால் கழிக்காதீர்கள், பத்து நிமிடம் கூட்டுங்கள் என்றார். 4 கிலோமீட்டர் தடத்தில் பாதி தூரம் ஏற்றம், பாதி தூரம் இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிலோமீட்டரில் 500 மீட்டர் இறக்கம் என்றால் சரிவு சுமார் 14 பாகை. அதனால் இன்னும் பதினேழு நிமிடம் கூடுகிறது. இப்போது குறுகிய தடம்தான் அதிக நேரம் பிடிக்கிறது. "எளிது" என்று நினைத்த தடம் இது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பல பூங்காக்களில் நிறம் அந்தத் தடத்தின் பெயர் மட்டுமே. மரத்தில் பூசிய குறியைப் பின்தொடர்வதற்காக வைத்தது. சில இடங்களில் கடினத்தைக் காட்டுகிறது. ஸ்விட்சர்லாந்தில் மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை, வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை. ஓரிடத்து நிறத்தை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. பலகையின் ஓரத்தில் விளக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிறத்தை மறந்துவிடுங்கள்.

இனி நான் உண்மையில் பேச விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சகோதரி கேட்டது எந்தத் தடம் என்று. அவர் கேட்டிருக்க வேண்டும் என்று நான் ஏங்குவது வேறொரு கேள்வி: அந்தத் தடத்தில் இறக்கம் எங்கே வருகிறது, எப்படி வருகிறது?

பல ஆண்டுகளுக்கு முன் என் பெரியப்பாவை ஒரு மலைத்தடத்துக்கு அழைத்துப் போனேன். அவருக்கு அப்போது அறுபத்தாறு வயது. குறுகிய தடம் போதும் என்று தேர்ந்தெடுத்தது நான்தான். ஏறும்போது அவர்தான் முன்னால். வளைவுக்கு வளைவு நின்று எங்களுக்காகக் காத்திருந்தார். உச்சியில் நின்று, "இவ்வளவுதானா?" என்று கேட்டார். இறங்கத் தொடங்கினோம். மூன்றாவது வளைவில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். வலி இல்லை, தொடை நடுங்குகிறது, கால் தன் பேச்சைக் கேட்கவில்லை என்றார். ஏற எடுத்ததைவிட இறங்க இருமடங்கு நேரமானது. மறுநாள் பரவாயில்லை என்றார். அதற்கடுத்த நாள் நாற்காலியில் உட்கார இருவர் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த மனிதரை அந்த நிலையில் பார்த்ததை என்னால் மறக்க முடியவில்லை. எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் நான் இறக்கத்துக்கு வந்து நிற்பது அதனால்தான்.

காரணம் இதுதான். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. மூச்சு வாங்குகிறது, நிற்கிறோம், சரியாகிவிடுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்க வேண்டும். ஒவ்வோர் அடியிலும் அது பிரேக் போடுகிறது. இந்த வேலையில்தான் தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. வலி உடனே தெரியாது. ஒரு நாள் கழித்துத் தொடங்கி இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். ஏற்றம் களைப்பை உடனுக்குடன் சொல்லிவிடும், இறக்கம் சொல்லாது. உச்சிவரை நன்றாக வந்தார் என்பதை வைத்து அம்மாவால் இறங்கிவிட முடியும் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

வேகத்துக்கும் இதே கதைதான். வால்டோ டோப்லர் என்ற புவியியலாளர் 1993இல் நடைவேகத்துக்கு ஒரு சூத்திரம் தந்தார். அதன்படி மனிதர் மிக வேகமாக நடப்பது சமதரையில் அன்று. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் இறங்கும் மென்சரிவில், மணிக்கு ஆறு கிலோமீட்டர். சரிவு அதைவிடச் செங்குத்தாக ஆக ஆக வேகம் குறைகிறது. நூறு மீட்டருக்கு 25 மீட்டர் இறங்கும் பாதையில் மணிக்கு மூன்று கிலோமீட்டர்தான். நூற்றுக்குப் பதினைந்து என்று ஏறுபவரின் வேகமும் அதுவே. நம் 4 கிலோமீட்டர் தடத்தின் இறக்கம் அப்படிப்பட்டது.

இதைப் பலகையில் எப்படிக் கண்டுபிடிப்பது? சம உயரக் கோடுகள். சென்ற முறை நேரமில்லாமல் விட்ட ஒரு கதை உண்டு. 1774இல் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையருகே நெவில் மாஸ்கலின் என்ற வானியலாளர் ஒரு சோதனை செய்தார். மலையின் ஈர்ப்பு தூக்குநூலை எவ்வளவு விலக்குகிறது என்று அளந்து, அதிலிருந்து பூமியின் அடர்த்தியைக் கணக்கிடுவது நோக்கம். அதற்கு மலையின் உருவம் துல்லியமாகத் தெரிய வேண்டும். சார்லஸ் ஹட்டன் என்ற கணிதவியலாளரிடம் குவியலாக உயர அளவுகள் வந்து சேர்ந்தன. அவர் ஒரே உயரமுள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைத்தார். எண்களின் குவியலுக்குள்ளிருந்து மலை எழுந்து வந்தது. பூமியை எடைபோட வரைந்த கோடுகள் அவை. எந்த நிலப்படத்தைப் பிரித்தாலும் எனக்கு அவர் நினைவு வரும்.

கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மென்சரிவு. அது உங்களுக்குத் தெரியும். சகோதரி அனுப்பிய படத்தில் 7 கிலோமீட்டர் சுற்றுத்தடத்தைப் பாருங்கள். மேற்குப் பக்கம் முதல் ஒரு கிலோமீட்டரில் கோடுகள் நெருக்கமாக இருக்கின்றன. பிறகு முகட்டோரம் தட்டையாகப் போய், கிழக்கே ஓடையை ஒட்டி மெல்ல இறங்குகிறது. இதே தடத்தை இரண்டு விதமாக நடக்கலாம். ஓடை வழியாகச் சுகமாக ஏறி, மேற்கே செங்குத்தில் இறங்கலாம். அல்லது மேற்கே மூச்சு வாங்க ஏறி, ஓடையோரம் காலாற இறங்கி வரலாம். தூரம் ஒன்று, ஏற்றம் ஒன்று, ஆனால் அம்மாவின் முழங்காலுக்கு இவை இரண்டு வேறு பாதைகள். மேற்கே ஏறுங்கள். புத்துணர்ச்சியோடு இருக்கும்போதே செங்குத்தை முடித்துவிடுங்கள். சில இடங்களில் ஒருவழியாக மட்டும் நடக்கச் சொல்லியிருப்பார்கள். அம்புக்குறி இருந்தால் அதுவே முடிவு.

ஒரே ஓர் எச்சரிக்கை. ஓடைப்பக்கம் கடைசியில் வருகிறது. மேலே எங்கோ மழை பெய்தால் கீழே நீர் உயரும். ஓடையைக் கடக்கும் இடம் வாயிலிலிருந்து அரைக் கிலோமீட்டரில்தான் இருக்கிறது. ஏறத் தொடங்கும் முன் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நீர் கலங்கலாகவோ வேகமாகவோ இருந்தால், அன்று சுற்றுத்தடம் வேண்டாம். ஓடைவரை போய் வந்த வழியே திரும்புங்கள்.

நேரத்துக்கு வருவோம். 99 நிமிடம் என்பது நிற்காமல் நடக்கும் திடமான ஆளுக்கு. ஒன்பது வயதுப் பையன் ஒவ்வொரு எறும்புப் புற்றுக்கும் நிற்பான். நிற்கத்தான் வேண்டும், அதற்காகத்தானே அழைத்துப் போகிறோம். இரண்டால் பெருக்குங்கள். மூன்றே கால் மணி நேரம். அடர்ந்த மரங்களுக்குள் சூரியன் மறைவதற்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும். ஆகவே சூரியன் மறைய ஒன்றரை மணி நேரத்துக்கு முன் வாயிலுக்கு வந்துவிடும்படி கணக்கிடுங்கள். சுற்றுத்தடத்தில் பாதியைத் தாண்டிவிட்டால் திரும்புவதில் பயனில்லை. அதனால் முகட்டை எட்டியதும் ஒருமுறை கடிகாரத்தைப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்து, அம்மாவும் களைத்திருந்தால், அங்கே தயங்காமல் நீண்ட ஓய்வு கொடுங்கள்.

இறங்கும்போது சிறிய அடிகள். முழங்காலைச் சற்று மடக்கியே வையுங்கள். அம்மாவுக்கு இரண்டு நடைக்கோல்கள் கட்டாயம். முழங்காலில் விழும் சுமையில் ஒரு பங்கைக் கைகள் வாங்கிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவுகளில் குறுக்கே இறங்காதீர்கள், பையனையும் விடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பத்துப் பேர் குறுக்கே இறங்கிய இடத்தில் மழைநீர் தனக்கு வாய்க்கால் கண்டுபிடித்துவிடுகிறது. மண் போய், வேர் தெரிந்து, கடைசியில் வளைவே சரிந்துவிடுகிறது. நல்ல தடம் ஒன்று அப்படிப் பாழானதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

11 கிலோமீட்டர் தடத்தைப் பற்றி நான் பேசவில்லை. கணக்குப்படி அது 174 நிமிடம். உங்கள் மூவருக்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம். மகன் வளரட்டும்.

சகோதரி, போய் வந்த அன்றே எனக்கு எழுதாதீர்கள். இரண்டு நாள் கழித்து, அம்மா நாற்காலியிலிருந்து எப்படி எழுந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.